வலி போன பிறகு

2023 அக்டோபர் 19. புனேயில் உலகக் கோப்பை ஆட்டம். வங்கதேச இன்னிங்ஸின் ஒன்பதாவது ஓவரை வீச ஹார்திக் பாண்டியா வந்தார். அன்று அவருக்கு அது முதல் ஓவர். மூன்றாவது பந்தை லிட்டன் தாஸ் நேராகத் திருப்பி அடித்தார். வீசி முடித்த வேகம் அடங்கும் முன்பே பாண்டியா வலது காலை நீட்டிப் பந்தைத் தடுக்கப் பார்த்தார். உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இறங்க, கணுக்கால் மடங்கியது. மீதி மூன்று பந்துகளை விராட் கோலி வீசினார். நவம்பர் 4 அன்று, பாண்டியா இனி இந்தத் தொடரில் ஆடமாட்டார் என்ற அறிவிப்பு வந்தது. கணுக்காலில் லிகமென்ட் காயம். நம் ஊர்ப் பேச்சில் சுளுக்கு.

தேசத்திலேயே சிறந்த மருத்துவமும் பிசியோக்களும் சுற்றி நின்ற ஒருவருக்கு, ஒரு கணுக்கால் காயம் உலகக் கோப்பையின் மீதி ஆட்டங்களை இல்லாமல் ஆக்கியது. ஆனால் நம் பள்ளி மைதானங்களில் ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன சொல்கிறோம்? "சுளுக்குதானே, நாலு நாளில் சரியாகிவிடும்." நாலு நாளில் வலி குறைந்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மை. சரியாகிவிட்டது என்பதுதான் உண்மையில்லை. வலி போவதும் கால் குணமாவதும் இரண்டு வேறு நிகழ்ச்சிகள். இரண்டுக்கும் நடுவில் பல வார இடைவெளி இருக்கிறது. விளையாட்டு வீரர்களின் கணுக்காலும் முழங்காலும் திரும்பத் திரும்ப அடிபடுவது அந்த இடைவெளியில்தான்.

முதலில் கணுக்காலின் கட்டுமானத்தைப் பார்த்துவிடலாம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் சேர்ந்து, கவிழ்த்து வைத்த ஒரு கவை போல நிற்கின்றன. கணுக்காலின் இருபுறமும் நம் கைக்குத் தட்டுப்படும் முட்டிகள் அந்தக் கவையின் இரண்டு முனைகள். அதற்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கும் பாத எலும்புக்குத் தாலஸ் என்று பெயர். தாலஸ் ஆப்பு போன்றது. முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். முழங்காலை முன்னால் தள்ளிக் குந்தும்போது அகலமான பகுதி கவைக்குள் நுழைந்து, ஆப்படித்தது போல இறுகிவிடுகிறது. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும்போது குறுகிய பகுதி உள்ளே வருகிறது, மூட்டு தளர்கிறது. குதித்து இறங்குகிறவரின் பாதம் முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் இப்படி நுனி கீழ்நோக்கிய நிலையில்தான். எலும்பின் பிடிப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் பாரம் மிக அதிகமாக இறங்குகிறது.

தாலஸுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. அதில் ஒரு தசைகூட நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. அதைப் பிடித்து வைத்திருப்பவை அக்கம்பக்கத்து எலும்புகளும், எலும்பை எலும்போடு கட்டும் நார்களான லிகமென்ட்களும்தான். உட்புறத்து நார்க்கட்டு அகலமானது, பலமானது. வெளிப்புறத்தில் மூன்று தனித்தனி நார்கள். அவற்றில் முன்னால் இருப்பதுதான் மூன்றிலும் நலிந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் கிழிவது அதுதான். வெளி முட்டிக்குச் சற்று முன்னால், கொஞ்சம் கீழே விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கால் மடங்கியவர்கள் எல்லோரும் "இங்கேதான்" என்று காட்டும் இடம் அது.

லிகமென்ட் என்றால் கயிறு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கயிறு அறுந்தால் மூட்டு தளரும், கயிறு ஒட்டினால் மூட்டு இறுகும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் மருத்துவர்களைக் குழப்பும் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். சுளுக்கு ஆறி மாதங்கள் கடந்திருக்கும். கையால் இழுத்துச் சோதித்தால் மூட்டு இறுக்கமாகவே இருக்கும். ஆனாலும் அவர்கள் சொல்வார்கள்: "கால் திடீர்னு விட்டுடுது டாக்டர். சமமான தரையில் நடக்கும்போதே மடங்குது." கயிறு நன்றாக இருக்கும்போது கால் ஏன் விட்டுவிட வேண்டும்?

1965இல் லண்டனில் மைக்கேல் ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவர் இதற்கு ஒரு விடை சொன்னார். பின்னாளில் செயற்கை முழங்கால் மூட்டின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்பட்டவர் அவர். லிகமென்ட்டுக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்ற செய்தியை அவை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நார் கிழியும்போது அவையும் அறுபடுகின்றன. நார் ஒட்டிக்கொண்டாலும் செய்தி பழையபடி வருவதில்லை. இதுதான் அவருடைய கருத்து. அவர் தன் நோயாளிகளை அடிபட்ட காலில் மட்டும் நிற்கச் சொன்னார், பிறகு நல்ல காலில் நிற்கச் சொன்னார். பலர் அடிபட்ட காலில் அதிகம் தள்ளாடினார்கள். அவர் கொடுத்த வைத்தியமும் புதுமையானது. அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும் ஆட்டப் பலகை ஒன்றின்மேல் நின்று சமநிலை பழக வைத்தார். இன்று எந்தப் பிசியோதெரபி அறைக்குப் போனாலும் மூலையில் கிடக்கும் அந்த வட்டப் பலகைக்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

ஒற்றைக்காலில் நிற்கவைக்கும் யோசனைக்கு வேர் இன்னும் பழையது. 1840களில் பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற நரம்பியல் மருத்துவர், முதுகுத்தண்டு நோய் ஒன்றில் கால்களின் உணர்வை இழந்தவர்களைக் கவனித்தார். கண் திறந்திருக்கும்வரை நிற்கிறார்கள். கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடி விழப் போகிறார்கள். நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று செய்திகள் வேண்டும்: கண் காட்டுவது, உட்காது சொல்வது, காலின் தசையும் மூட்டும் தோலும் அனுப்புவது. இரண்டு சரியாக இருந்தால் சமாளித்துவிடலாம். கால் ஏற்கெனவே மௌனமாகிவிட்டவரிடமிருந்து கண்ணையும் பறித்தால் உட்காது மட்டுமே மிஞ்சும். அது போதாது. குளிக்கும்போது முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணை மூடியதும் சுவரைத் தேடும் முதியவர்களை நாம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

கால் அனுப்பும் அந்தச் செய்திக்கு 1906இல் பெயர் வைத்தவர் சார்ல்ஸ் ஷெரிங்டன். புரொப்ரியோசெப்ஷன் என்றார். தமிழில் நிலையுணர்வு என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைச் சரியாகத் தொட முடிவது இதனால்தான். இந்த உணர்வுக்கு அடிப்படையான பியசோ-2 என்ற புரதத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஃப்ரீமன் சொன்னது அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1993இல் டென்மார்க்கின் கொன்ராட்சனும் அவருடைய குழுவினரும் நல்ல கணுக்கால்களின் லிகமென்ட்டை ஊசி போட்டு மரக்கவைத்துப் பார்த்தார்கள். ஃப்ரீமன் சொன்னது முழுக்கச் சரியென்றால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் தள்ளாடியிருக்க வேண்டும். தள்ளாடவில்லை. கணுக்காலின் வெளிப்பக்கத் தசைகள் விழித்துக்கொள்ளும் நேரமும் மாறவில்லை. பிறர் தங்கள் பாதத்தை அசைத்தபோது அதன் கோணத்தைச் சொல்வதில்தான் தவறினார்கள். தாங்களே அசைத்தபோது சரியாகச் சொன்னார்கள். அப்படியானால் லிகமென்ட்டின் நரம்பு முனைகள் கதையில் ஒரு பகுதிதான். தசைகளின் உணர்விகள், பாதத்தின் தோல், முதுகுத்தண்டு, மூளை ஆகியவை சேர்ந்து எழுதும் கணக்கு அது. ஃப்ரீமனின் பலகை மட்டும் தப்பியது. காரணம் அவர் நினைத்ததைவிடப் பெரியது, ஆனால் வைத்தியம் சரியாகவே இருந்தது. அறிவியலில் இப்படி நடப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தப் பெரிய காரணம் என்ன? நேரம்.

பாதம் திடீரென்று உள்பக்கம் மடங்கத் தொடங்கினால் அதை வெளிப்பக்கம் இழுத்து நிறுத்த வேண்டியவை கீழ்க்காலின் வெளிப்பக்கத் தசைகள். மடங்கத் தொடங்கியதிலிருந்து அந்தத் தசைகளில் மின்துடிப்பு எழ ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி விநாடி ஆகிறது. மில்லி விநாடி என்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. துடிப்பு எழுந்த பின் தசை இறுகி, மூட்டைத் திருப்பும் அளவுக்கு விசை திரளுவதற்குள் 100 மில்லி விநாடி தாண்டிவிடுகிறது. மூட்டு அதுவரை காத்திருப்பதில்லை. முழங்காலில் இது இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. ஹேண்ட்பால், கூடைப்பந்து வீராங்கனைகளின் முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்கு லிகமென்ட், அதாவது விளையாட்டு உலகம் ஏசிஎல் என்று அழைப்பது, அறுந்த தருணங்களின் வீடியோக்களை நார்வே ஆய்வாளர்கள் படம் படமாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதம் தரையைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லி விநாடிக்குள் முழங்கால் உள்பக்கம் சரிந்துவிடுகிறது. மூளை பதில் உத்தரவு அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆகவே, கால் மடங்கும்போது தசை ஓடிவந்து காப்பாற்றுகிறது என்ற நினைப்பு தவறு. காப்பாற்ற வேண்டியது முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே, காற்றில் இருக்கும்போதே, எந்தத் தசை எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்று மூளை உத்தரவிட்டுவிடுகிறது. இருட்டில் படி இறங்கும்போது, படிகள் முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்திருக்கிறீர்களா? உடம்பே உலுக்கிப் போகும். இல்லாத படிக்காக மூளை தயார்செய்து வைத்திருந்த விசை மொத்தமும் தரையில் மோதும் அதிர்ச்சி அது. ஒவ்வொரு அடியிலும் மூளை இப்படி ஒரு முன்கணிப்பு செய்கிறது. கால் அனுப்பிய பழைய செய்திகளை வைத்துத்தான் அந்தக் கணிப்பு. சுளுக்குக்குப் பிறகு அந்தச் செய்திகள் கலங்குகின்றன, கணிப்பும் பிசகுகிறது. பாதம் சற்றே உள்பக்கம் திரும்பியபடி தரையில் இறங்குகிறது. இரண்டாவது சுளுக்கு அப்படித்தான் வருகிறது. முதல் சுளுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் வரை ஓராண்டுக்குப் பின்னும் நிலையில்லாத கணுக்காலோடு வாழ்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் வீட்டு வைத்தியத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பத்துப் போடுவார்கள். எண்ணெய் தொட்டுச் சுளுக்கு வழிக்கும் கைக்காரர் ஊருக்கு ஒருவர் இருப்பார். மருத்துவமனைக்குப் போனால் ஐஸ் ஒத்தடம், மாத்திரை, கிரிப் பாண்டேஜ். இவை எல்லாமே குறிவைப்பது வலியையும் வீக்கத்தையும். அதில் தவறில்லை, அடிபட்ட அன்றே அழுத்தி வழிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆனால் மூளையின் கணிப்பைத் திருத்தும் வேலையை இவற்றில் எதுவும் செய்வதில்லை. அதைப் பயிற்சி மட்டுமே செய்யும்.

கால் குணமாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய ஆய்வகங்களில் விசைத்தட்டு என்ற கருவி உண்டு. அதன்மேல் நின்றால் பாதத்தின் அழுத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு அலைகிறது என்று கணினியில் கோடாக வரையும். அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைக்கும்போதும் அந்தக் கோடு ஓயாமல் அலைவதைக் காணலாம். நிற்பது என்பது விழத் தொடங்குவதும் திருத்திக்கொள்வதுமாக நடக்கும் இடைவிடாத வேலை. கருவி இல்லாதவர்களுக்கு ரோம்பெர்க்கின் வழியே போதும். இடுப்பில் கை வைத்து ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடுங்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர்களுக்கே 15 விநாடியைத் தாண்டுவது எளிதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இதை முறைப்படுத்தினார்கள். இரண்டு கால், ஒற்றைக்கால், ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதம் என்று மூன்று நிலைகள். ஒருமுறை கெட்டித் தரையில், ஒருமுறை ஸ்பாஞ்சுமேல். ஒவ்வொன்றும் கண் மூடி 20 விநாடி. கை இடுப்பை விட்டால், கண் திறந்தால், கால் தரையைத் தொட்டால் ஒவ்வொன்றும் ஒரு பிழை. எண்ணி எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

நிற்பதைவிட எட்டித் தொடுவது விளையாட்டுக்கு நெருக்கமான சோதனை. தரையில் ஆங்கில ஒய் எழுத்து வடிவில் மூன்று கோடுகள். நடுவில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, மறுகாலின் நுனியால் முன்பக்கம் ஒரு கோட்டிலும், பின்பக்கம் குறுக்காக இரண்டு கோடுகளிலும் முடிந்தவரை தூரம் எட்டித் தொட்டுத் திரும்ப வேண்டும். ஸ்டிக்கர் டேப்பும் அளவுநாடாவும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 235 அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பருவத்தின் தொடக்கத்தில் இப்படி அளந்தார்கள். முன்பக்கம் எட்டும் தூரம் இரண்டு காலுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டவர்களுக்கு, அந்தப் பருவத்தில் கால் காயம் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. பிற விளையாட்டுகளில் நடந்த பிந்தைய ஆய்வுகள் எல்லாம் இதே விடையைத் தரவில்லை. ஆகவே இதை ஜாதகம் போல வாசிக்கக் கூடாது. யாரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று காட்டும் விரலாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. "நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். ஒரு கணுக்கால் அடிபட்டால் அடிபடாத காலின் சமநிலையும் சேர்ந்தே குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கணிக்கும் மூளை ஒன்றுதானே. ஏசிஎல் அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடமும் இதே கதை: வாரக்கணக்கில் ஓய்வில் இருந்ததால் நல்ல காலும் மெலிந்திருக்கும், மெலிந்த இரண்டு கால்களும் சமமாக அளவு காட்டும். அடிபடுவதற்கு முந்தைய அளவு கையில் இருந்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம். பருவம் தொடங்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது அதனால்தான் முக்கியம்.

பயிற்சி என்று வந்தால் அதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டி எலும்பின் பின்விளிம்பிலோ முனையிலோ தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகரில் 1992இல் வகுக்கப்பட்ட இந்த விதியை இன்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். முறிவு இல்லையென்றால் நெடுநாள் கட்டுப் போட்டு முடக்குவதைவிட, தாங்கும் அளவுக்குச் சீக்கிரமே நடப்பது நல்லது. உட்கார்ந்தபடி காலால் காற்றில் அ, ஆ என்று எழுதலாம். பிறகு குதிகால் தூக்குவது, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது. அதற்குப் பின் ஒற்றைக்கால்: கண் திறந்து, கண் மூடி, தலையணைமேல், தலையணைமேல் நின்றபடி பந்தைப் பிடித்து எறிந்து. அதன் பிறகுதான் குதித்து இறங்குவது, ஓடும்போது சட்டென்று திரும்புவது. நம் பிள்ளைகள் தெருவில் ஆடிய நொண்டியும் பாண்டியும் இந்த வரிசையில் அழகாகப் பொருந்தும்; இரண்டும் ஒற்றைக்காலில் இறங்கிக் குறி தவறாமல் நிற்கும் ஆட்டங்கள்.

இதற்கு யாரும் பக்கத்தில் நின்று கவனிக்கக்கூடத் தேவையில்லை என்று நெதர்லாந்தில் காட்டினார்கள். அண்மையில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். இரண்டு அணிக்கும் வழக்கமான சிகிச்சை. ஓர் அணிக்கு மட்டும் கூடுதலாக, வீட்டிலேயே தாங்களாகச் செய்ய எட்டு வாரச் சமநிலைப் பயிற்சி. ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கு வந்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற அணியில் நூற்றுக்கு 33 பேர், பயிற்சி செய்த அணியில் 22 பேர். 2009இல் வெளியான இந்த முடிவை நான் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். செலவு ஒரு பலகை, எட்டு வாரம், கொஞ்சம் பொறுமை.

அடிபடும் முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது. நார்வேயின் மகளிர் ஹேண்ட்பால் குழுக்களில் பயிற்சி தொடங்குமுன் ஒரு பருவத்தில் 29 பேருக்கு ஏசிஎல் அறுந்தது. ஆட்டப் பலகை, ஸ்பாஞ்சு, குதித்துச் சரியாக இறங்குதல் என்று ஒரு கால்மணி நேரப் பயிற்சியைச் சேர்த்தார்கள். அடுத்த பருவத்தில் 23, அதற்கடுத்ததில் 17.

ஏசிஎல் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். புதிதாகப் பொருத்திய நார் முழுமையான லிகமென்ட்டாக மாற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்; அதற்குள் வலி எப்போதோ போயிருக்கும். நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மீண்டும் அடிபடும் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று கண்டது. தசை பலம், தாவல் சோதனைகளில் தேறித் திரும்பியவர்களில் மீண்டும் அடிபட்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. தேறாமல் திரும்பியவர்களில் 38 பேர். 2022 டிசம்பர் 30 அன்று நடந்த கார் விபத்தில் முழங்கால் லிகமென்ட்கள் கிழிந்த ரிஷப் பந்த், ஏறத்தாழ 15 மாதம் கழித்து 2024 மார்ச் 23 அன்றுதான் மீண்டும் மட்டையோடு களம் இறங்கினார். அந்த 15 மாதமும் அவசரப்படுத்தாமல் அவரைக் காத்தவர்கள் இருந்தார்கள்.

நம் கபடிக் களத்தில் பாடிப் போகிற பையனின் கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, அவன் உடம்பு மட்டும் கோட்டை நோக்கித் திரும்புகிறது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் அதைவிடக் கடினமான சோதனை வேறு விளையாட்டில் அரிது. ஆனால் கிராமத்துப் போட்டிகளில் அவனுக்குப் பிசியோ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மடங்கிய கால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் மீண்டும் களத்தில் இருக்கும். அவனைக் காக்கக்கூடிய ஒரே ஆள் பள்ளி விளையாட்டு ஆசிரியர், நம் பி.இ.டி. சார்தான்.

அவரிடம் ஒரு வேண்டுகோள். அடிபட்ட பையன் திரும்பி வந்து "சார், வலி இல்லை, ஆடவா?" என்று கேட்கும்போது, வலியைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடச் சொல்லி விநாடிகளை எண்ணுங்கள். பிறகு ஒற்றைக்காலில் மூன்று முறை தாவி, மூன்றாவது தாவலில் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். பருவத்தின் தொடக்கத்தில் அவனைப் பற்றி எழுதி வைத்த நோட்டைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய அளவுக்கு வரவில்லையென்றால் இந்தப் போட்டிக்கு அவன் வேண்டாம்.

அந்த நோட்டு இன்னும் இல்லையென்றால், நாளைக் காலையே ஒன்று வாங்கிவிடுங்கள்.